விட்ட ஓட்டத்தை மறுபடி பிடிப்பது: ஒரு கேள்வியும் தொடர் குறிப்புகளும்

கேள்வி | ஆகஸ்ட் 6, 2025

எனக்கு 38 வயது. 2016 வரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தேன், அரை மராத்தான் (21 கி.மீ.) 1 மணி 55 நிமிடம். அப்புறம் குழந்தை, நைட் ஷிப்ட், எல்லாம் நின்றுபோனது. இப்போது ரெண்டு மூணு வாரமாக மறுபடி ஆரம்பித்திருக்கிறேன். நினைத்ததைவிட மூச்சு சீக்கிரம் வந்துவிட்டது, 5 கி.மீ. நிற்காமல் ஓட முடிகிறது. ஒருமுறை ஓடிய உடம்பு மறக்காது என்பது சரிதான் போல. பழைய அட்டவணையை எடுத்து நடுவிலிருந்து தொடரலாம் என்றிருக்கிறேன், ஜனவரியில் சென்னையில் அரை மராத்தான். முழங்காலுக்குக் கீழே உள்பக்கம் லேசாக வலி இருக்கிறது. பழகப் பழகச் சரியாகிவிடும்தானே? அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

பதில் | ஆகஸ்ட் 6, இரவு

தம்பி, அட்டவணையை ஓரமாக வையுங்கள். முதலில் அந்த வலியைப் பார்ப்போம்.

உட்கார்ந்து, முன்னங்கால் எலும்பின் உள்விளிம்பை மேலிருந்து கீழே கட்டைவிரலால் அழுத்திக்கொண்டே வாருங்கள். ஒரு சாண் நீளத்துக்குப் பரவலாக வலித்தால் ஒரு கதை. ஒரு விரல் வைத்து "இங்கேதான்" என்று காட்ட முடிகிற மாதிரி ஒரே புள்ளியில் சுரீர் என்றால் அது வேறு கதை. ரெண்டாவதாக இருந்து, அதே காலில் ஒற்றைக்காலாக நின்று லேசாகக் குதித்தாலும் அந்த இடத்திலேயே வலித்தால், நாளைக்கே எலும்பு டாக்டரைப் பாருங்கள், அதுவரை ஒரு அடி கூட ஓடாதீர்கள். எலும்பில் மெல்லிய விரிசலாக இருக்கலாம். முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் ஒன்றுமே தெரியாமல் போவது சகஜம், எம்ஆர்ஐ எடுத்தால்தான் தெரியும். "எக்ஸ்ரே நார்மல்" என்று சொன்னார்கள் என்பதற்காக மறுநாளே ஓடக் கிளம்பிவிடாதீர்கள்.

ஆகஸ்ட் 7

பரவலான வலிதான், குதித்தால் வலிக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நல்லது. இப்போது ஏன் அட்டவணையை ஓரமாக வைக்கச் சொன்னேன் என்று விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் நிறுத்திவிட்டுத் திரும்புகிற எல்லாரும் மாட்டுகிற இடம் இது.

மூச்சு சீக்கிரம் வந்துவிட்டது என்கிறீர்கள். வரும். ஓட ஆரம்பித்த ஒன்றிரண்டு வாரத்துக்குள் ரத்தத்தில் உள்ள நீர்ப்பகுதியின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்பிலும் கூடுதலாக ரத்தத்தைத் தள்ளுகிறது. அதனால் போன வாரம் மூச்சிரைத்த தூரம் இந்த வாரம் சுலபமாக இருக்கும். ஆனால் குதிகால் நரம்பு என்று நாம் சொல்கிற அந்தத் தடித்த நாணுக்கு அந்த வேகம் கிடையாது, மாதக் கணக்கு ஆகும். எலும்பு அதைவிடச் சிக்கல். ரோடு போடுகிறவர்கள் புதுத் தார் ஊற்றுவதற்கு முன்னால் பழையதைக் கொத்தி எடுப்பார்கள் இல்லையா, எலும்பும் அப்படித்தான். புதுச் சுமை வந்ததும் பழைய எலும்பை முதலில் அரித்து எடுக்கிறது, அதற்கு ஏறக்குறைய மூன்று வாரம். அந்தக் குழியை நிரப்பி இறுக்க மூன்று மாதம் போல. நடுவில் ஒரு மாதம், ரெண்டு மாதம், அந்த எலும்பு நீங்கள் ஆரம்பித்த நாளில் இருந்ததைவிடப் பலவீனமாக இருக்கிறது. ராணுவத்தில் புதிதாகச் சேர்கிறவர்களுக்கு எலும்பு விரிசல் அதிகமாக வருவதும் பயிற்சியின் முதல் ஒன்றிரண்டு மாதங்களில்தான்.

நீங்கள் இருப்பது சரியாக அந்த இடத்தில். மூச்சு "போ போ" என்கிறது, கால் இன்னும் தயாராகவில்லை. மறுபடி ஓட வருகிறவர்கள் மூச்சை வைத்து தூரத்தை முடிவு செய்யக்கூடாது என்பதுதான் என் கட்சி, இந்த இழை முழுக்க அதையேதான் சொல்லப்போகிறேன்.

புதிதாக ஓட வருகிறவருக்கு இந்த ஆபத்து கொஞ்சம் குறைவு என்று கூடச் சொல்வேன். அவரை மூச்சே நிறுத்திவிடும். முன்னால் ஓடியவருக்கு ஓடும் முறை தெரியும், வேகம் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு ஓடவும் தெரியும்.

ஆகஸ்ட் 7, கொஞ்ச நேரம் கழித்து

"அப்போ எவ்வளவு ஓடலாம்?" ஒரு நாள் விட்டு ஒரு நாள். 5 நிமிடம் வேக நடை, அப்புறம் ஒரு நிமிட ஓட்டம், ஒன்றரை நிமிட நடை, மொத்தம் 20 நிமிடம் போல. இது ஜோஷ் கிளார்க் 1996-ல் போட்டுக்கொடுத்த ஒன்பது வாரத் திட்டத்தின் முதல் வாரம், நிறையப் பேருக்குத் தெரிந்ததுதான். உங்களுக்கு இது அவமானமாக இருக்கும் என்று தெரியும். வலி போகிற வரைக்கும் இதையே செய்யுங்கள்.

ஆகஸ்ட் 10

நடந்து ஓடுவது ஓட்டமே இல்லை என்று கீழே ஒருவர் எழுதியிருக்கிறார். ஜெஃப் காலோவே 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடியவர். ஓட்டத்துக்கு நடுவில் திட்டமிட்டு நடக்கிற முறையை 1974-லிருந்து ஊர் ஊராகச் சொல்லிக்கொடுத்தவரும் அவரேதான். எனக்கு அதற்கு மேல் சான்று வேண்டியதில்லை.

என் கதையையும் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்கிறீர்கள். மதுரை. பள்ளியில் 800 மீட்டர், மாவட்டப் போட்டி வரைக்கும். கல்யாணத்துக்கு அப்புறமும் விடாமல் ஓடினேன், மாமியார் படுக்கையில் விழுந்தபோதுதான் நின்றது. அவர் போன பிறகு நாற்பத்தைந்து தாண்டி மறுபடி வந்தேன். வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றித்தான் ஆரம்பித்தேன், இன்றைக்கும் அங்கேதான். திருமலை நாயக்கர் 1645-ல் வெட்டிய குளம், ஒரு சுற்று ஏறக்குறைய 1.2 கி.மீ. நாலு பக்கமும் நேர்க்கோடு, நாலு முனை. கிழக்குப் பக்கம் ஓட்டம், தெற்கு நடை, மேற்கு ஓட்டம், வடக்கு நடை. கடிகாரம் பார்க்கவே வேண்டாம். முனை வந்தால் மாற்றிக்கொள்ள வேண்டியதுதான். நடைக்கு வருகிற பெரியவர்கள் வடக்குப் பக்கத்தில் என்னைப் பிடித்துவிடுவார்கள், கிழக்கில் நான் அவர்களைத் தாண்டுவேன், தினமும் ஒரு சின்னப் பேச்சு. சென்னையில் இருப்பவர்களுக்கு மெரினாவில் விளக்குக் கம்பம் கணக்கு, கோவைக்காரர்களுக்கு ரேஸ் கோர்ஸ் சுற்று இருக்கிறது.

மூணு பக்கம் ஓடி ஒரு பக்கம் நடக்கிற நிலைக்கு வந்தபோது எனக்கும் முழுச் சுற்றை ஓட ஆசை வந்தது. மூச்சு இடம் கொடுத்தது. காலையில் எழுந்து கட்டிலை விட்டு இறங்கி வைக்கிற முதல் பத்து அடியில் குதிகால் எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பார்த்து முடிவு செய்தேன். விறைப்பாக இருந்தால் அன்றைக்குக் கூட்டுவது கிடையாது. அந்தப் பத்து அடி சொல்வதை என் கைக்கடிகாரம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஆகஸ்ட் 17

வாரத்துக்கு 10 சதவீதம் கூட்டலாம் என்ற கணக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். எல்லாரும் சொல்கிற கணக்குதான். நெதர்லாந்தில் குரோனிங்கனில் இதைச் சோதித்து 2008-ல் முடிவைச் சொன்னார்கள். புதிதாக ஓட வந்த 532 பேர். ஒரு பாதிக்கு 10 சதவீதக் கணக்குப்படி மெதுவாக 13 வாரம், இன்னொரு பாதிக்கு வேகமாக 8 வாரம். ரெண்டு பக்கமும் ஐந்தில் ஒருவருக்கு அடிபட்டது. வித்தியாசமே இல்லை.

சரி, அப்படியென்றால் இஷ்டத்துக்குக் கூட்டலாமா? இந்த வருஷம் டென்மார்க்கிலிருந்து வந்த ஆய்வைப் பாருங்கள். ஐயாயிரத்துக்கு மேற்பட்ட ஓட்டக்காரர்களின் கைக்கடிகாரப் பதிவுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். வாரக் கணக்கு எப்படி ஏறுகிறது என்பதை வைத்து அடிபடுவதைக் கணிக்க முடியவில்லை. ஒரே ஓட்டத்தில் எவ்வளவு தாண்டுகிறோம் என்பதில்தான் விஷயம் இருந்தது. கடந்த 30 நாளில் நீங்கள் ஓடிய அதிகபட்ச தூரத்தைவிட ஒரே நாளில் 10 சதவீதத்துக்கு மேல் போனால் ஆபத்து கூடுகிறது, ரெண்டு மடங்குக்கு மேல் போனால் ஆபத்தும் ரெண்டு மடங்குக்கு மேல்.

நம் ஊரில் இது எப்போது நடக்கும் தெரியுமா? ஞாயிற்றுக்கிழமை நண்பர்கள் குழுவோடு. வாரம் முழுக்கத் தனியாக 3, 4 கி.மீ. ஓடுகிறவர் அன்றைக்குப் பேச்சு சுவாரசியத்தில் 9 கி.மீ. ஓடிவிட்டு வருவார், டீக்கடையில் நிற்கும்போது நன்றாகத்தான் இருக்கும். புதன்கிழமை நொண்டுவார். குழுவோடு போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. உங்கள் தூரம் வந்ததும் திரும்பிவிடுங்கள்.

ஆகஸ்ட் 18

வேகம்: பேசிக்கொண்டே ஓட முடிகிற வேகம். முழு வாக்கியமாகப் பேச வர வேண்டும். 220-லிருந்து வயதைக் கழிக்கிற கணக்கெல்லாம் ஆளுக்கு ஆள் பத்துப் பன்னிரண்டு துடிப்பு முன்னே பின்னே இருக்கும், அதை வைத்து வேகத்தைப் பூட்டிக்கொள்ளாதீர்கள்.

ஆகஸ்ட் 24

வெயிலைப் பற்றி எழுத விட்டுப்போனது. இணையத்தில் கிடைக்கிற அட்டவணைகள் பெரும்பாலும் குளிர் நாட்டுக்காரர்கள் எழுதியவை. நமக்குக் காலை ஐந்தரைக்கே புழுங்குகிறது. காற்றில் ஈரம் கூடினால் வியர்வை சொட்டுமே தவிரக் காயாது, காய்ந்தால்தானே உடம்பு குளிரும். உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கு ஒரு பங்கு ரத்தம் போய்விட்டால் காலுக்கு அனுப்ப இதயம் கூடுதலாக அடித்தாக வேண்டும். அதனால் அதே தூரம், அதே வேகம், துடிப்பு மட்டும் எகிறும். உடம்பு வெக்கைக்குப் பழகப் பத்து நாளிலிருந்து ரெண்டு வாரம் ஆகும், வெளியூர் போய் ஏசியிலேயே இருந்துவிட்டு வந்தால் அந்தப் பழக்கமும் போய்விடும், மறுபடி முதலிலிருந்துதான்.

கத்திரியில் மறுபடி ஓட ஆரம்பிக்க நினைக்கிறவர்களுக்கு: அந்த மாதம் நடங்கள், ஆனியில் பார்த்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 7

தம்பி எழுதியிருக்கிறார், வலி போய்விட்டது, இப்போது நாலு நிமிட ஓட்டம், ஒரு நிமிட நடை. சந்தோஷம்.

வெறுங்கால் ஓட்டம் பற்றி ஒருவர் எழுதியிருக்கிறார், ரேவதி வீரமணி வெறுங்காலில் ஓடித்தானே டோக்கியோ ஒலிம்பிக் வரை போனார் என்று. எங்கள் ஊர்ப் பெண், சக்கிமங்கலம். மதுரை ரேஸ் கோர்ஸ் மைதானத்தில் பயிற்சி எடுத்தவர். 4x400 கலப்புத் தொடர் ஓட்டத்தில் அவர் ஓடியதைப் பார்த்து அழுதவர்களில் நானும் ஒருத்தி. ஆனால் அவர் வெறுங்காலில் ஓடியது ஷூ வாங்க வசதி இல்லாததால். திறமையைப் பார்த்த பயிற்சியாளர் கண்ணன்தான் ஷூவுக்கும் படிப்புக்கும் வழி செய்தார். அதைப் போய் உடற்பயிற்சி முறையாகச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை. வெறுங்காலில் ஓடினால் பெரும்பாலும் முன்பாதம் முதலில் தரையில் படும், கெண்டைக்காலுக்கும் குதிகால் நரம்புக்கும் சுமை கூடும். சின்ன வயதிலிருந்து பழகிய காலுக்குச் சரி. பத்து வருஷம் நாற்காலியில் இருந்த காலுக்கு இப்போது அந்தச் சோதனை வேண்டாம்.

செப்டம்பர் 14

பெண்கள் யாரும் எழுதவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன், தனிச்செய்தியில் மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். பொதுவிலேயே சொல்கிறேன், எல்லாருக்கும் உதவும்.

ஒன்று, எத்தனை வாரம் ஆனாலும் மூச்சு வரவே இல்லை, மாடிப்படி ஏறினாலே வாங்குகிறது என்றால் பயிற்சியைக் குறை சொல்லாதீர்கள். ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 15-லிருந்து 49 வயதுக்குள் இருக்கிற பெண்களில் 53 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பாதிக்கு மேல்! ஹீமோகுளோபின் 12-க்குக் கீழே இருந்துகொண்டு ஓட முயற்சி செய்துவிட்டு, "எனக்கு வயசாகிவிட்டது" என்று முடிவு கட்டி வீட்டுக்குள் போனவர்கள் எத்தனை பேரோ. எனக்குத் தெரிந்த ஒரு டீச்சர் அப்படித்தான் நிறுத்திவிட்டார். டாக்டர் சொன்னபடி இரும்புச்சத்து மாத்திரை சில மாதம் சாப்பிட்ட பிறகு அவரே தெப்பக்குளத்துக்கு வந்து நின்றார். மாத்திரை சாப்பிட்டதும் டீ, காபி குடிக்காதீர்கள், இரும்பு உடம்பில் சரியாகச் சேராது.

இரண்டு, மாதவிடாய் நின்றுகொண்டிருக்கிற வயது என்றால் தூரத்தை இன்னும் மெதுவாகக் கூட்ட வேண்டும். ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பின் அடர்த்தி குறையும். மேலே தம்பிக்குச் சொன்ன மாதக் கணக்கை நீங்கள் தாராளமாக நீட்டிக்கொள்ளுங்கள்.

மூன்று, உடை. ஓடுவதற்கென்று வருகிற உள்ளாடையில் காசு பார்க்காதீர்கள். துப்பட்டா வேண்டாம், தளர்ந்த டிசர்ட் போதும். யாராவது ஏதாவது சொல்வார்கள், ஒரு வாரம் சொல்வார்கள், அப்புறம் அவர்களுக்கே பழகிவிடும்.

செப்டம்பர் 15

நாய். இதைக் கேட்காத ஆளே இல்லை. துரத்தினால் நின்றுவிடுங்கள், ஓடினால் இன்னும் துரத்தும். கண்ணைப் பார்க்காமல், முதுகு காட்டாமல், மெதுவாக நடந்து விலகுங்கள். நான் ஒரே நேரத்தில் ஒரே பாதையில் போவேன், எங்கள் பக்கத்து நாய்களுக்கு என்னைத் தெரியும். ஒன்று கிழக்கு முனை வரை கூடவே ஓடி வரும், அங்கே அதன் எல்லை முடிகிறது, நின்றுவிடும்.

கடித்தால், கீறினால் கூட, குழாயடியில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு நேராக அரசு ஆஸ்பத்திரி. ஊசி இலவசம். முதல் நாள், 3-ஆம் நாள், 7, 28, நாலையும் போட்டு முடிக்க வேண்டும். ரெண்டோடு நிறுத்துகிறவர்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

அக்டோபர் 23

தீபாவளி லீவில் பத்து நாள் ஓடவில்லை, போச்சா என்று கேட்டிருக்கிறார் தம்பி. ஒன்றும் போகவில்லை. பத்துப் பன்னிரண்டு நாளில் நல்ல பயிற்சியில் இருக்கிறவருக்கே ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் 7 சதவீதம் போல இறங்கும், அதுவும் பெரும்பாலும் ரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால். ஓட ஆரம்பித்தால் அதுதான் முதலில் திரும்பும்.

இந்த இடத்தில் டல்லாஸ் ஆய்வைச் சொல்லியாக வேண்டும், எனக்கு மிகவும் பிடித்தது. 1966-ல் இருபது வயதுப் பையன்கள் ஐந்து பேரை மூன்று வாரம் படுக்கையை விட்டு எழாமல் படுக்கவைத்துப் பார்த்தார்கள். உடம்பு ஆக்சிஜனைப் பயன்படுத்தும் திறன் கால்வாசிக்கு மேல் விழுந்தது. முப்பது வருஷம் கழித்து அதே ஐந்து பேரைக் கூப்பிட்டு அளந்தால், முப்பது வருஷ முதுமை செய்த சேதம் அந்த மூன்று வாரப் படுக்கை செய்ததைவிடக் குறைவு. அப்புறம் ஆறு மாதம் மெதுவாக நடை, ஓட்டம், சைக்கிள் என்று பயிற்சி கொடுத்தார்கள். ஐம்பது வயதில் அவர்கள் இருபது வயதில் ஆரம்பித்த அளவுக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

ஐந்து பேர்தான், சின்ன ஆய்வு. ஆனால் மாமியாரை நாலு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைத்த வருஷங்களில் இதைப் படித்தேன், என்றைக்காவது திரும்பலாம் என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அந்த ஆறு மாதத்தைக் கவனியுங்கள். அவசரப்படுத்தியிருந்தால் பாதிப் பேர் நொண்டியிருப்பார்கள்.

நவம்பர் 9

மழை தொடங்கியாயிற்று, காய்ச்சல் சீசன். டெங்கு வந்தவர்கள், காய்ச்சல் விட்டதும் ஓட வந்துவிடாதீர்கள். காய்ச்சல் இறங்குகிற அந்த ரெண்டு மூணு நாள்தான் டெங்குவில் ஆபத்தான கட்டம். தட்டணுக்கள் சரியாகி, நன்றாகச் சாப்பிட்டு, ஒரு வாரம் சாதாரணமாக நடந்து பார்த்த பிறகு, நடையும் ஓட்டமுமாக மறுபடி கீழ்ப்படியிலிருந்து. நெஞ்சு படபடப்பு, தலைசுற்றல் இருந்தால் டாக்டர்.

நவம்பர் 16

குதிகால் நரம்பு விறைக்கிறது என்று ரெண்டு பேர். வாசற்படி விளிம்பில் முன்பாதத்தை வைத்து நின்று, குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குங்கள். ஏறுவதற்கு மற்ற காலைப் பயன்படுத்துங்கள். முழங்கால் நீட்டி மூன்று பதினைந்து, லேசாக மடக்கி மூன்று பதினைந்து, காலையும் மாலையும், 12 வாரம். ஸ்வீடனில் ஆல்ஃபிரெட்சன் என்ற எலும்பு அறுவை நிபுணர் 1998-ல் வெளியிட்ட முறை. அவருக்கே அந்த வலி இருந்ததாம், ஆபரேஷன் செய்யச் சொல்லிக் கேட்டு மேலதிகாரி மறுத்துவிட, நரம்பு அறுந்தால் வேறு வழியில்லாமல் செய்வார்கள் என்று வேண்டுமென்றே இப்படிச் சுமை ஏற்றினாராம், வலி போய்விட்டதாம். அப்படித்தான் சொல்வார்கள். லேசான வலி இருந்தாலும் செய்யலாம், கூர்மையாகக் குத்தினால் நிறுத்திவிட்டு பிசியோதெரபிஸ்டிடம் காட்டுங்கள்.

டிசம்பர் 20

மார்கழி பிறந்துவிட்டது. இதுவரை இருட்டுக்குப் பயந்து வராத பெண்களுக்கு வருஷத்தில் இதைவிட நல்ல மாதம் கிடையாது. நாலரைக்கே கோவில் ஸ்பீக்கர், தெருவில் வாசலுக்கு வாசல் பெண்கள் கோலத்தோடு, டீக்கடை திறந்திருக்கும், குளிர்ச்சியும் உண்டு. கோலத்தை மிதிக்காமல் சுற்றிப் போக வேண்டியிருக்கும், அதனால் வேகமும் தானாகக் கட்டுக்குள் இருக்கும். இப்போது பழகிக்கொண்டால் சீக்கிரம் வெளிச்சம் வருகிற மாதங்கள் வரை காத்திருக்க வேண்டாம்.

டிசம்பர் 21

தம்பி, ஜனவரி முடிவு உங்களுடையது. என்னைக் கேட்டால் 10 கி.மீ.க்கு மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் நீண்ட ஓட்டம் இப்போது 11-ல் இருக்கிறது, 21 என்பது கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு, ஆகஸ்டில் எழுதிய டென்மார்க் கணக்கு இங்கேதான் வந்து நிற்கிறது. அரை மராத்தான் மூச்சு உங்களிடம் இருக்கிறது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

டிசம்பர் 22

மாற்றிவிட்டார். சபாஷ்.

ஷூ: 2016-ல் வாங்கி அட்டைப்பெட்டியிலேயே இருக்கிற அந்தப் புது ஜோடியை ஓட்டத்துக்குப் போட வேண்டாம். போடாமல் வைத்திருந்தாலும் நடுவில் இருக்கிற பஞ்சு இறுகிப்போகும், நம் ஊர்ப் புழுக்கத்தில் பசையும் விட்டிருக்கும். கட்டைவிரலால் பக்கவாட்டில் அழுத்திப் பாருங்கள், அமுங்காமல் கல் மாதிரி இருக்கும். புது ஜோடி வாங்குவதென்றால் இந்த வாரமே வாங்குங்கள், மாலையில் போய், கால் வீங்கியிருக்கும்போது போட்டுப் பார்த்து, முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் விட்டு. பந்தயத்துக்கு முன்னால் நாலைந்து ஓட்டமாவது அதில் ஓடியிருக்க வேண்டும்.